நிகழ்வு ஆய்வு: தோப்பில் நின்றுபோன ஒரு கேட்டர்பில்லர் டி2

பின்னணி

கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், ஸ்டாக்டன் நகரத்துக்குக் கிழக்கே ஒரு வால்நட் தோப்பு. அதன் ஓரத்தில் ஒரு கேட்டர்பில்லர் டி2 கிராலர் டிராக்டர், அதாவது சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலியில் ஓடும் வண்டி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தோப்பை வளர்த்தவர் அதைப் பழையதாக வாங்கி, மர வரிசைகளுக்கு நடுவே மண் உழவும் நிலம் சமன் செய்யவும் பயன்படுத்தியவர். 1980-களின் இறுதியில் டயர் டிராக்டர் வந்ததும் டி2 ஓரம் கட்டப்பட்டது. நிறுத்தியபோது அது ஓடிக்கொண்டிருந்த வண்டிதான் என்பதைக் குடும்பத்தார் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். இது எங்களுக்கு முக்கியமான தகவல். பழுதாகி நின்ற எந்திரத்தையும் சும்மா நின்றதால் பழுதான எந்திரத்தையும் ஒரே மாதிரி அணுக முடியாது.

அவர் காலமான பிறகு தோப்பு மகள் பொறுப்பில் வந்தது. அவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். குத்தகைக்காரர் புதுக் கன்றுகள் நட அந்த ஓரத்தையும் கேட்டார். பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர், தானே வெட்டி எடுத்துக்கொண்டு எடைக்குப் பணம் தருவதாகச் சொன்னார். சுமார் மூன்றரை டன் எடையுள்ள வண்டி. இரண்டு பக்கமும் சங்கிலி இறுகிவிட்டது. இழுத்து நகர்த்துவதும் எளிதல்ல. வெட்டி விற்பதா, சரிசெய்வதா என்று முடிவெடுக்க, கனரக வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்தார். அவரோடு பக்கத்துப் பண்ணையின் வெல்டர் ஒருவரும் நானும் சேர்ந்துகொண்டோம். குறிப்பெடுக்கும் வேலை என்னுடையது. உரிமையாளரின் சம்மதத்தோடு, பெயர்கள் இல்லாமல் இதை எழுதுகிறேன்.

எந்திரம்

அந்த ஊர்ப்பக்கத்தில் இந்த வண்டி நிற்பதில் ஒரு பொருத்தம் உண்டு. ஸ்டாக்டனைச் சுற்றியுள்ள டெல்டாவின் கரிமண், கனமான சக்கர வண்டிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு விடை தேடித்தான் பெஞ்சமின் ஹோல்ட், சக்கரத்துக்குப் பதிலாகச் சங்கிலித் தடம் பூட்டிய நீராவி டிராக்டரை 1904 நவம்பரில் ராபர்ட்ஸ் தீவில் ஓட்டிப் பார்த்தார். ஹோல்ட் நிறுவனமும் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் 1925-இல் இணைந்து கேட்டர்பில்லர் ஆயின. டி2 1938-இல் வந்தது. 1957 வரை தயாரிக்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் டீசல் கிராலர்களில் அதுதான் மிகச் சிறியது. தோப்பு, திராட்சைத் தோட்டம் போன்ற குறுகலான இடங்களில் நன்றாக உழைத்தது.

இந்த வண்டியின் எண் 5யு என்று தொடங்கியது. அதாவது 1947-க்குப் பின் வந்த, இரண்டு சங்கிலிகளின் மையங்களுக்கு நடுவே 50 அங்குல இடைவெளி கொண்ட வகை. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், ஸ்ட்ரோக் 5 அங்குலம். முன்னால் போக ஐந்து கியர், பின்னால் ஒன்று.

இதில் இரண்டு எஞ்சின்கள் இருக்கின்றன. பெரிய டீசல் எஞ்சினைச் சுற்றிவிடுவதற்கென்றே பக்கத்தில் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று உண்டு. அதைப் போனி எஞ்சின் என்பார்கள். முதலில் போனியைக் கையால் சுழற்றித் தொடங்க வேண்டும். பெரிய எஞ்சினின் அழுத்தத்தை ஒரு நெம்புகோலால் விடுவித்துவிட்டு, போனியின் பல்லைப் பெரிய எஞ்சினின் கனமான சுழல்சக்கரமான ஃப்ளைவீலோடு சேர்த்து, அதன் கிளட்ச்சைப் போட்டால் பெரிய எஞ்சின் மெல்லச் சுற்றும். இரண்டையும் குளிர்விக்கும் தண்ணீர் ஒன்றே. போனியின் புகைக்குழாய் பெரிய எஞ்சினின் காற்றுக்குழாய் வழியாகப் போவதால் உள்ளே போகும் காற்றும் சூடாகும். எண்ணெய் அழுத்தம் ஏறி, எஞ்சின் கொஞ்சம் வெதுவெதுப்பான பிறகே அழுத்த நெம்புகோலை மாற்றி டீசல் கொடுக்க வேண்டும். பேட்டரியை நம்பாத ஏற்பாடு. இத்தனை ஆண்டு கழித்தும் இதை எழுப்ப முடிந்ததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் கண்டவை

முதல் நாள் எதையும் பிரிக்கவில்லை. வடிகால்களைத் தளர்த்தியும் கையால் அசைத்தும் பார்த்து எழுதிக்கொண்டது மட்டும்தான்.

புகைபோக்கியின் வாய் திறந்தே இருந்தது. மூடியும் இல்லை, கவிழ்த்த டப்பாவும் இல்லை. அங்கே மழை பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை. முப்பது மழைக்காலமும் நேராக எஞ்சினுக்குள் போயிருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு புகை வால்வு பெரும்பாலும் கொஞ்சமாவது திறந்திருக்கும். அந்த ஒரு சிலிண்டரில்தான் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று மெக்கானிக் அப்போதே சொன்னார்.

எண்ணெய்த் தொட்டியின் அடைப்பைக் கழற்றாமல் மெல்லத் தளர்த்தியபோது முதலில் தண்ணீர் வந்தது, பிறகு கருப்பு எண்ணெய். ரேடியேட்டர் வடிகாலில் எதுவும் வரவில்லை; கம்பியால் குத்திய பிறகு துருச் சேறு வந்தது. பிளாக்கில் வெளியே தெரிந்த விரிசல் எதுவும் இல்லை. பள்ளத்தாக்கில் குளிர் அவ்வளவு கடுமையில்லாதது நல்லதாகப் போயிற்று.

பெரிய எஞ்சின் அசையவில்லை. போனி அரைச் சுற்று வந்து நின்றது. டீசல் தொட்டியின் அடியில் கோந்து மாதிரி ஒரு படிவு. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் நெம்புகோல் கைக்கு ஆடியது, ஆனால் பம்புகளுக்கு டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ரேக் தண்டு அசையவே இல்லை. இந்த ஒரு வரிதான் பின்னால் எடுத்த முடிவுகளில் பாதியைத் தீர்மானித்தது.

பின்பக்கம் ஸ்டியரிங் கிளட்ச் அறைகளின் வடிகாலில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வந்தன. உலர்ந்து இருக்க வேண்டிய அறைகள் அவை. இடது பக்கச் சங்கிலி ரோலர்கள் மூழ்கும் அளவுக்கு மண்ணில் புதைந்திருந்தது. சங்கிலியைச் சுற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் தேய்ந்து கூராகி ஒரு பக்கம் வளைந்திருந்தன.

காற்று வடிகட்டிக்குள்ளும் இருக்கைக்குக் கீழேயும் எலிக்கூடுகள். மேற்கு அமெரிக்காவில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. அங்குள்ள மான் எலிகளின் எச்சத்திலிருந்து ஹன்டா வைரஸ் தொற்றலாம். பெருக்கினாலோ காற்றடித்தாலோ தூசியோடு மூச்சில் போய்விடும். கிருமிநாசினி தெளித்து, ஊறவிட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டு ஈரத்துணியால் அள்ளினோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குத்தகைக்காரர் ஒரு யோசனை சொன்னார். பெரிய டிராக்டரால் கட்டி இழுத்து, கியரில் போட்டால் எஞ்சின் விடுபட்டுவிடும் என்று. பலர் அப்படிச் செய்கிறார்கள். மெக்கானிக் திட்டமாக மறுத்துவிட்டார். சங்கிலி இறுகியிருக்கும்போது இழுத்தால் முதலில் உடைவது சங்கிலியோ, ஸ்ப்ராக்கெட்டுக்கு விசை தரும் கடைசி கியரோ. அப்படியே எஞ்சின் திரும்பினாலும், ஒட்டிப்போன வால்வுகளைத் தள்ளும் புஷ் ராடுகள் வளையும். திறந்தபடி நின்ற வால்வில் பிஸ்டன் இடிக்கவும் கூடும். எஞ்சின் கையால் முழுச் சுற்று வரும்வரை வண்டியை எதாலும் இழுப்பதில்லை என்பது முதல் முடிவு.

இரண்டாவது முடிவைத்தான் இந்தக் குறிப்பின் மையமாகக் கருதுகிறேன்: நிறுத்த வழி உறுதியாகாமல் ஓட வைப்பதில்லை. டீசல் எஞ்சினுக்கு அணைக்கத் தீப்பொறி கிடையாது. ரேக் தண்டு டீசல் முழுதாகப் போகும் நிலையில் சிக்கிக்கொண்டால், கவர்னர் என்ன செய்தாலும் வேகம் ஏறிக்கொண்டே போகும். தொட்டிக் குழாயை மூடினாலும் குழாய்களிலும் வடிகட்டியிலும் உள்ள டீசலே கொஞ்ச நேரத்துக்குப் போதும். எஞ்சின் சிதற அவ்வளவு நேரம் தேவையில்லை. அழுத்தம் விடுவிக்கும் நெம்புகோலை இழுத்து நிறுத்தலாமே என்று வெல்டர் கேட்டார். வேகமாகச் சுற்றும்போது அதை இழுப்பது வால்வுகளுக்கு ஆபத்து என்று மெக்கானிக் சொன்னார். மிச்சம் இருக்கும் உறுதியான வழி காற்றை அடைப்பது.

அதற்காக வெல்டர், காற்று உள்ளே போகும் குழாய்வாயைவிடப் பெரிய இரும்புத் தகடு ஒன்றை வெட்டி, ஒரு முகத்தில் கனமான ரப்பர் ஒட்டி, பின்னால் கைப்பிடி வைத்துக் கொடுத்தார். துணியோ கையோ வைக்கக் கூடாது. துணியை எஞ்சின் உள்ளே இழுத்துக்கொள்ளும், கை போனால் கை போனதுதான். காற்றுக்குழாய் கேஸ்கட்டுகளையும் புதிதாக மாற்றினோம். வேறு ஓட்டை வழியாகக் காற்று போனால் தகடு வீண்.

போனி எஞ்சின்

இதில் பெரிய சிக்கல் இல்லை. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது இரண்டு வால்வுகள் ஒட்டியிருந்தன. எண்ணெய் விட்டு, மெல்லத் தட்டி, விடுபட்ட பின் தேய்த்து உட்கார வைத்தோம். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவில் பாயிண்ட்கள் பச்சை பூத்திருந்தன. சுத்தம் செய்து, கன்டென்சரை மாற்றியதும் நீலப் பொறி வந்தது. கார்புரேட்டர் முழுக்கப் பழைய பெட்ரோலின் படிவு. மிதவையும் ஊசியும் மாற்றப்பட்டன.

ஊசி வால்வு ஒழுகினால் பெட்ரோல் சிலிண்டர் வழியாகப் போனியின் எண்ணெய்த் தொட்டிக்கு இறங்கிவிடும். எண்ணெய் நீர்த்துப் போய் பேரிங் போகும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. எங்கள் வண்டியிலும் எண்ணெய் அளவுக்கோலில் பெட்ரோல் வாடை அடித்தது. அதனால் புது எண்ணெய் ஊற்றினோம். ஒவ்வொரு முறையும் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் வற்றி போனி தானாக நிற்கும்படி விடுவது என்று விதி வைத்தோம். கைப்பிடியால் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும் என்பதை மெக்கானிக் ஒவ்வொருவரிடமும் செய்து காட்டச் சொன்னார். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்த கட்டைவிரல்தான் முறியும்.

பிடித்துப்போன பெரிய எஞ்சின்

ஹெட்டைக் கழற்றாமல் முடியுமா என்று உரிமையாளர் கேட்டார். செலவு பற்றிய நியாயமான கேள்வி. இன்ஜெக்டர்களை எடுத்துவிட்டு ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு தளர்த்தும் எண்ணெய் ஊற்றி, சில வாரங்கள் ஊறவிட்டோம். அவ்வப்போது ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரை கொடுத்து இரு திசையிலும் மெல்ல நெம்பிப் பார்த்தோம். மூன்று சிலிண்டர்களில் எண்ணெய் மட்டம் இறங்கியது. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ஊற்றியது அப்படியே நின்றது. அது எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இதற்கு மேல் பலம் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று ஹெட்டை இறக்கினோம்.

மூன்றாவது சிலிண்டரில் புகை வால்வு திறந்து நின்றிருந்தது. பிஸ்டனுக்கு மேலே, சிலிண்டரின் உள் உருளையான லைனரின் சுவரில் துரு, அதன் கீழே குழிகள். மற்ற மூன்றும் நல்ல நிலையில் இருந்தன. லேசாகத் தேய்த்துவிட்டாலே போதும்.

மூன்றாவது பிஸ்டனை எடுக்க அடியில் வேலை செய்ய வேண்டும். வண்டியைக் கட்டை அடுக்கி உயர்த்தினோம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்குக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கனமான மரக்கட்டைகள். ஜாக்கியை நம்பி யாரும் கீழே போகவில்லை. எண்ணெய்த் தொட்டியை இறக்கி, ராடு மூடியை அவிழ்த்து, கடின மரக்கட்டையை வைத்து அடித்து பிஸ்டனை எடுத்தோம். ரிங்குகள் துண்டு துண்டாக வந்தன.

தேய்த்துச் சமாளிக்கலாமா, லைனரை மாற்றலாமா? இந்த எஞ்சினில் லைனர்கள் தண்ணீருக்குள் நிற்பவை, இழுத்து எடுத்து மாற்றக்கூடியவை. மாற்றுவது என்று முடிவு செய்தோம். ரிங் ஓடும் இடத்தில் குழி இருந்தால் புது ரிங்கும் சீக்கிரம் போய்விடும். அதற்காக மறுபடி இவ்வளவும் பிரிக்க வேண்டும். பிரித்து விற்கும் ஒருவரிடம் நல்ல நிலையில் ஒரு லைனரும் பிஸ்டனும் கிடைத்தன. ரிங்குகளும் லைனரின் அடி ரப்பர் வளையங்களும் புதிது.

ஹெட்டைப் போடும் முன் மெக்கானிக் செய்த ஒரு சோதனையைப் பரிந்துரைக்கிறேன். தண்ணீர் வழிகளை மேல்வரை நிரப்பி, இரவு முழுக்க விட்டு, காலையில் அடியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார். லைனரின் அடி வளையம் கசிந்தால் அப்போதே தெரியும். எல்லாம் பூட்டிய பிறகு எண்ணெய் வெள்ளையாக மாறுவதைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல். லைனர் பிளாக்கின் மேல்மட்டத்தைவிட எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் அளந்து, மற்ற மூன்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். அது தாழ்ந்தால் ஹெட் கேஸ்கட் நிற்காது.

டீசல் பம்புகள்

கேட்டர்பில்லரின் பழைய அமைப்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பம்ப். ஒவ்வொரு பம்பின் உலக்கையிலும் ஒரு சிறு பற்சக்கரத் துண்டு இருக்கும். அது ரேக் தண்டின் பற்களோடு பொருந்தும். ரேக் முன்னும் பின்னும் நகரும்போது உலக்கை திரும்பி, டீசல் அளவு கூடும், குறையும்.

நான்கில் நான்காவது பம்ப் முற்றாக ஒட்டியிருந்தது. மற்றவை பிசுபிசுப்போடு திரும்பின. ஒவ்வொன்றாகக் கழற்றி, தனித்தனி டப்பாவில் எண் எழுதி ஊறவைத்தோம். உலக்கையும் அதன் உருளையும் ஒன்றுக்கொன்று இழைத்த ஜோடி. மாறிப்போனால் இரண்டுமே வீண். நான்காவதைப் பிரித்து எடுக்கத்தான் பொறுமை தேவைப்பட்டது. சூடும் எண்ணெயும் மாறி மாறிக் கொடுத்ததில் கடைசியில் வந்தது. சுவரில் கீறல் இல்லை.

தொட்டியை இறக்கிக் கழுவி, வடிகட்டிகளை மாற்றி, குழாய்களில் காற்றடித்தோம். பம்புகளைத் திரும்பப் போடும்போது ரேக்கைக் குறித்த நிலையில் நிறுத்தி, பற்கள் சரியாகப் பொருந்தும்படி இறக்க வேண்டும். பிறகு நெம்புகோலை மூடிய நிலைக்கும் திறந்த நிலைக்கும் பலமுறை ஆட்டி, ரேக் தடையில்லாமல் போய் வருவதைப் பார்த்தோம். அப்போது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

முதல் ஓட்டம்

திறந்த வெளியில், சங்கிலிகளுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, முக்கியக் கிளட்ச்சை விடுவித்து நிறுத்தினோம். பழைய எண்ணெய் அழுத்த மானி வேலை செய்யாததால் புதிதாக ஒன்று பூட்டினோம். வெல்டர் தகட்டோடு காற்றுவாய் பக்கத்தில் நின்றார். அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கவில்லை. நான் டீசல் குழாய் பக்கம்.

போனி எளிதாகப் பிடித்துக்கொண்டது. அதைத் தனியாக நெடுநேரம் ஓடவிடக் கூடாது. பெரிய எஞ்சின் சுற்றினால்தான் தண்ணீர் பம்ப் சுற்றும். அழுத்தம் விடுவித்த நிலையில் பெரிய எஞ்சின் சுற்றத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மானியின் முள் எழுந்தது. ரேடியேட்டரின் மேல்பக்கம் கைக்குச் சூடு தெரியும்வரை அப்படியே சுற்றவிட்டு, பிறகு மெக்கானிக் அழுத்த நெம்புகோலை மாற்றி, டீசல் கொடுத்தார். வெள்ளைப் புகை திரண்டு வந்தது. இரண்டு சிலிண்டர், மூன்று, அப்புறம் நான்கும். போனியின் பல் தானாக விலகிக்கொண்டது. புகை தெளிந்து, சத்தம் சீரானபோது உரிமையாளர் அழுதுவிட்டார். அவர் அந்தச் சத்தத்தைக் கடைசியாகக் கேட்டது பள்ளி நாட்களில்.

சில நிமிடங்கள் மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, நிறுத்த நெம்புகோலை இழுத்தார் மெக்கானிக். எஞ்சின் நிற்கவில்லை. வேகம் இறங்கியது, ஆனால் ஒரு சிலிண்டர் மட்டும் தொடர்ந்து வெடித்துக்கொண்டே இருந்தது; முழு வண்டியும் குலுங்கியது. நான் டீசல் குழாயை மூடினேன். அப்போதும் வெடித்தது. மெக்கானிக் கை காட்ட, வெல்டர் தகட்டைக் காற்றுவாயில் அழுத்தினார். இரண்டு மூச்சில் எஞ்சின் அடங்கியது. தகடு ரப்பரோடு ஒட்டிக்கொண்டு, எடுப்பதற்கே பலம் தேவைப்பட்டது.

பிரித்துப் பார்த்ததில் நான்காவது பம்பின் பற்கள் ரேக்கில் ஒரு பல் தள்ளிப் பொருந்தியிருந்தன. மற்ற மூன்றும் முழுதாக மூடும்போது இது கொஞ்சம் திறந்தே இருந்திருக்கிறது. நெம்புகோலை ஆட்டிப் பார்த்த சோதனையில் இது தெரிய வாய்ப்பில்லை. ரேக் சுதந்திரமாகத்தான் ஓடியது. தள்ளியிருந்த அளவு ஒரு பல்தான், அதனால் வேகம் கட்டுக்குள் இருந்தது. இன்னும் அதிகமாக இருந்திருந்தால் எஞ்சின் தறிகெட்டு ஓடியிருக்கும். சரிசெய்த பிறகு எஞ்சின் நெம்புகோலுக்குக் கட்டுப்பட்டு உடனே நின்றது. அடுத்தடுத்த ஓட்டங்களிலும் தகட்டைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளாமல் யாரும் தொடங்கவில்லை.

ஸ்டியரிங் கிளட்ச்

கிராலர் வண்டியில் சக்கரத்தைத் திருப்ப முடியாது. வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலது நெம்புகோலை இழுத்து அந்தப் பக்கத்துச் சங்கிலிக்குப் போகும் விசையைத் துண்டித்து, தேவைப்பட்டால் வலது பிரேக்கை மிதிக்க வேண்டும். இந்தக் கிளட்ச்சுகள் பல தகடுகள் அடுக்கிய உலர் வகை. தண்ணீர் புகுந்து பல ஆண்டு நின்றால் தகடுகள் ஒன்றோடொன்று துருவால் ஒட்டிவிடும். நின்றுபோன டி2-க்களில் எஞ்சினைவிட அதிகம் வேலை வைப்பது இதுதான் என்று மெக்கானிக் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, வடித்து, உலரவிட்டோம். நெம்புகோல்களைப் பின்னால் இழுத்துக் கட்டியே வைத்திருந்தோம். முதல் கியரில் நகர்த்தியபோது, பிரேக்கை விட்டு விட்டு மிதித்ததில் இடது கிளட்ச் ஒரு சத்தத்தோடு விடுபட்டது. வலது விடவில்லை. பிரேக்கை மிதித்தால் எஞ்சின் திணறி நின்றது. கியரைக் கூட்டி வேகமாக அடித்துப் பார்க்கலாம் என்று ஒரு கருத்து வந்தது. ஆனால் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் மூன்றரை டன் வண்டியை மர வரிசைக்குள் வேகமாக ஓட்டுவது சரியில்லை. கடைசி கியர்களுக்கும் அது நல்லதல்ல. பிரிப்பது என்று முடிவானது.

இருக்கையையும் டீசல் தொட்டியையும் எடுத்து, மேல் மூடியைத் திறந்தால் கிளட்ச்சை மேல்வழியாகத் தூக்கிவிடலாம். அந்தக் காலத்து கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது வழக்கம். காற்றடிக்காமல், ஈரப்படுத்தி, அதற்குரிய முகக்கவசத்தோடு துடைத்தோம். கழிவைத் தனிப் பையில் கட்டினோம். தகடுகளை ஆப்பு வைத்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. இரும்புத் தகடுகள் தேறின, லைனிங் தகடுகள் மாற்றப்பட்டன. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது: மேல் மூடியின் கேஸ்கட் மக்கிப் போயிருந்தது. எண்ணெய் வந்தது ஒரு தேய்ந்த சீல் வழியாக. இரண்டும் புதிதாகப் போட்டோம்.

அடிப்பாகம்

சங்கிலியின் இறுகிய கண்ணிகள் எண்ணெய் ஊற்றியும், சுத்தியலால் தட்டியும், மெல்ல முன்னும் பின்னும் ஓட்டியும் பெரும்பாலும் தளர்ந்தன. பின்களும் புஷ்களும் தேய்ந்துதான் இருக்கின்றன. சங்கிலியை இறுக்கும் திருகு துருப்பிடித்து நின்றுவிட்டது. அதன் பின்னால் உள்ள பெரிய சுருள்வில் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. தகுந்த கருவி இல்லாமல் அதைப் பிரித்தால் உயிர்ச்சேதம் வரலாம். தொடவில்லை.

சங்கிலி, ஸ்ப்ராக்கெட், ரோலர்கள் எல்லாம் மாற்ற ஆகும் செலவு, அதுவரை செய்த மொத்தச் செலவைவிட அதிகம் என்று விசாரித்ததில் தெரிந்தது. உரிமையாளர் அதைச் செய்வதில்லை என்று முடிவு செய்தார். வண்டி இனி நாள் முழுக்க உழப் போவதில்லை. மெதுவான, சமதள வேலைக்கு இது போதும். அது சரியான முடிவு என்பது என் கருத்து.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

ஸ்டியரிங் கிளட்ச் அறைகளை எஞ்சினுக்கு முன்பே திறந்து பார்த்திருக்க வேண்டும். எஞ்சின்தான் எல்லோர் ஆசையையும் இழுக்கிறது. ஆனால் வண்டியைக் காப்பாற்றுவது லாபமா என்ற கேள்விக்கு விடை பின்பக்கத்திலும் அடிப்பாகத்திலும் இருந்தது. உரிமையாளர் செலவு முடிவை எடுத்தபோது அந்தத் தகவல் அவர் கையில் இல்லை. எங்கள் வண்டியில் அது நல்லபடி முடிந்தது. லைனிங்கோடு இரும்புத் தகடுகளும் போயிருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

பம்புகளைப் போட்ட பிறகு ரேக் ஓடுகிறதா என்று பார்ப்பது போதாது. ஒவ்வொரு பம்பும் மூடிய நிலையில் உண்மையிலேயே மூடுகிறதா என்று தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இன்ஜெக்டர் குழாய்களைத் தளர்த்தி, நிறுத்தும் நிலையில் வைத்து, போனியால் எஞ்சினைச் சுற்றவிட்டால் எந்தக் குழாயிலிருந்தாவது டீசல் வருகிறதா என்று பார்த்துவிடலாம். இப்போது மெக்கானிக் தான் பார்க்கும் மற்ற பழைய வண்டிகளிலும் இதைச் செய்கிறார்.

ஊறவைக்கும் கட்டத்தை இன்னும் சுருக்கியிருக்கலாம். மூன்றாவது சிலிண்டரில் எண்ணெய் இறங்கவில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. அதோடு புகைபோக்கி திறந்து நின்றதையும் சேர்த்துப் பார்த்தால், ஹெட்டை இறக்க அதற்கு மேல் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. துருவை எண்ணெயே கரைத்துவிடும் என்ற நம்பிக்கை, குழி விழுந்த லைனரைச் சரிசெய்யாது.

இப்போதைய நிலை

டி2 தன் சொந்த விசையில் தோப்பின் ஓரத்திலிருந்து கொட்டகைக்கு வந்து சேர்ந்தது; குத்தகைக்காரர் அந்த இடத்தில் கன்றுகள் நட்டுவிட்டார். இரும்புக்காரருக்கு இல்லை என்று சொல்லியாயிற்று. ஆண்டில் சில முறை, பாதைகளைச் சமன் செய்ய ஒரு பரம்பை இழுக்கிறது. மாதம் ஒரு தடவை எஞ்சினை முழுச் சூடு ஏறும்வரை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் திருப்பி நிறுத்துகிறார்கள். நிறுத்தும்போது ஸ்டியரிங் நெம்புகோல்களை இழுத்துக் கட்டி வைக்கிறார்கள். புகைபோக்கிக்கு மூடி போட்டாயிற்று.

தீராதவை இரண்டு. இடது கடைசி கியரின் சீல் கசிகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் எண்ணெய் மட்டம் பார்க்க வேண்டியிருக்கிறது. சீல் வாங்கியாயிற்று, ஆனால் அதைப் போட ஸ்ப்ராக்கெட்டை இழுக்கும் பெரிய கருவி வேண்டும். பழைய கேட்டர்பில்லர் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் ஒருவர் அதை இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சங்கிலி இறுக்கும் திருகு இன்னும் அசையவில்லை. அது அசையும்வரை சரிவான நிலத்தில் வண்டியை ஓட்டுவதில்லை என்று உரிமையாளர் எழுதி, கொட்டகைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறார்.